பானத்தில் யாரோ எதையோ கலந்துவிட்டால்... கேளிக்கை விடுதிக்கு என்ன பொறுப்பு?

லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் பிறகு நடைபாதையில் நின்று ஒரு டின் பீரைத் திறந்து குடித்தால் அது குற்றம். திங்கட்கிழமை காலை 7 மணி வரை அந்தத் தடை இருக்கும். மது அருந்துவதற்கு இவ்வளவு நுணுக்கமான விதிகள் உள்ள வட்டாரங்கள் சிங்கப்பூரில் இரண்டுதான். ஒன்று கேலாங். இன்னொன்று நம்ம தேக்கா.

சரி, அதே சனிக்கிழமை இரவு. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு கிளப்பில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நண்பரின் பிறந்தநாள். மேசையில் ஒரு ஜக். பிடித்த குத்துப்பாட்டு வந்ததும் எல்லாரும் எழுந்து ஆடப் போய்விட்டீர்கள். அரை மணி நேரம் கழித்து உங்கள் தோழியால் நிற்கவே முடியவில்லை. அவர் குடித்தது இரண்டே கிளாஸ்.

"ஓவரா குடிச்சிட்டா போல" என்று யாரோ சிரிக்கிறார். வாசலில் நிற்கும் பவுன்சர் வந்து, "வெளியே கூட்டிட்டுப் போங்க ப்ரோ" என்கிறார்.

அந்த நிமிடத்தில் அந்த விடுதி செய்ய வேண்டியது என்ன? வெளியே நடைபாதையில் எந்த நேரத்தில் குடிக்கலாம் என்பதற்கு மணிக்கணக்கு பார்த்து விதி வைத்திருக்கிறோம். உள்ளே, கிளாஸுக்குள் என்ன விழுகிறது என்பதை யார் பார்ப்பது?

'ட்ரிங்க் ஸ்பைக்கிங்' என்று எதைச் சொல்கிறோம்?

ஒருவருக்குத் தெரியாமல், அவருடைய சம்மதமில்லாமல், அவர் குடிக்கும் பானத்தில் மதுவையோ மருந்தையோ போதைப்பொருளையோ கலப்பதுதான் ட்ரிங்க் ஸ்பைக்கிங்.

பெரும்பாலோர் மனத்தில் வருவது ஏதோ ஒரு மர்ம மாத்திரை. ஜிஹெச்பி, கெட்டமின், தூக்க மருந்து வகையைச் சேர்ந்த பென்சோடயசெபின் ஆகிய பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஜிஹெச்பிக்கு நிறம் கிடையாது. பென்சோடயசெபின் வகை மருந்துகள் நினைவைத் துண்டித்துவிடும். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பது மறுநாள் ஞாபகத்திலேயே இருக்காது.

'ரோஹிப்னால்' என்ற மாத்திரையின் பெயர் 1990களில் இப்படித்தான் கெட்டுப்போனது. அதைத் தயாரித்த ரோஷ் நிறுவனம், பானத்தில் போட்டால் நீல நிறம் பரவும்படி மாத்திரையை மாற்றி அமைத்தது.

ஆனா, மிகச் சாதாரணமாகக் கலக்கப்படக்கூடியது எது தெரியுமா? மதுதான். கோலா கேட்டவருக்கு வோட்கா கலந்து கொடுப்பது, ஒரு ஷாட் கேட்டவருக்குச் சொல்லாமல் இரண்டு ஷாட் ஊற்றுவது, இரண்டுமே ஸ்பைக்கிங்தான்.

"ஃப்ரெண்டுதானே, பர்த்டேதானே, கொஞ்சம் கூட ஊத்தினா என்ன?" என்று நம்மில் பலர் கேட்டிருப்போம், அல்லது கேட்டுச் சிரித்திருப்போம். அந்த நண்பர் வேறு ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். அடுத்து வண்டி ஓட்டப் போகலாம். மது கூடவே கூடாது என்ற முடிவில் இருக்கலாம். தீர்மானிக்க வேண்டியவர் அவர். அவருக்குத் தெரியாமல் நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

சிங்கப்பூரின் குற்றவியல் தண்டனைச் சட்டத்தில் 'ட்ரிங்க் ஸ்பைக்கிங்' என்ற பெயரில் தனிக் குற்றம் இல்லை. அதற்காகச் சட்டம் பலவீனமானது என்று நினைத்துவிடாதீர்கள்.

சட்டத்தின் 328ஆவது பிரிவு, நஞ்சையோ மயக்கம் அல்லது போதை தரும் பொருளையோ ஒருவருக்குக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. காயப்படுத்தும் நோக்கத்தோடு கொடுத்தாலும், வேறொரு குற்றத்தைச் செய்ய வசதியாகக் கொடுத்தாலும், காயம் ஏற்படக்கூடும் என்று தெரிந்தே கொடுத்தாலும் அது குற்றம். தண்டனை 10 ஆண்டு வரை சிறை. அபராதமோ பிரம்படியோ சேர்ந்து வரலாம்.

90ஆவது பிரிவும் முக்கியம். போதையினால், தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதையே புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருப்பவர் கொடுக்கும் சம்மதம், சம்மதமே இல்லை. பாலியல் வன்கொடுமைக்குத் தண்டனை 20 ஆண்டு வரை நீளும்.

ஆக, தண்டனை கடுமையாகவே இருக்கிறது. அந்தத் தண்டனை வரை வழக்கு போய்ச் சேருமா என்பதுதான் சிக்கல்.

ஆதாரம் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஜிஹெச்பி உடலில் தங்கும் நேரம் மிகக் குறைவு. இரத்தத்தில் சில மணி நேரம். சிறுநீரில் ஏறக்குறைய 12 மணி நேரம். அதற்குப் பிறகு பரிசோதித்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். மற்ற சில மருந்துகள் இரண்டு மூன்று நாள்கூட தங்கும். என்ன கலக்கப்பட்டது என்று தெரியாதபோது, எது மிகச் சீக்கிரம் மறையுமோ அதை மனத்தில் வைத்துத்தான் நாம் நடக்க வேண்டும்.

இப்போது அந்தச் சனிக்கிழமை இரவின் கடிகாரத்தைப் பாருங்கள்.

இரவு 1 மணிக்குத் தோழி தள்ளாடுகிறார். 1.30க்கு யாரோ கிராப் வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காலை 11 மணிக்குத் தலை வெடிக்கும் வலியோடு எழுகிறார். என்ன நடந்தது என்று ஞாபகமில்லை. முதலில் வருவது வெட்கம். 'நான்தான் அளவு தெரியாம குடிச்சிட்டேனோ?' மாலை வரை யோசிக்கிறார். அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இன்னொரு நாள் போகிறது. செவ்வாய்க்கிழமை ஒரு நண்பர் சொல்லி மருத்துவரைப் பார்க்கப் போகிறார்.

அதற்குள் உடலில் இருந்த தடயம் போய்விட்டது. கிளப்பில் அந்த ஜக்கைக் கழுவி அடுக்கி, அடுத்த இரண்டு இரவுகளும் யாரோ அதில் குடித்துவிட்டார்கள். கேமராப் பதிவையும் யாரும் எடுத்து வைக்கவில்லை.

10 ஆண்டுச் சிறை என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. நிரூபிக்கத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

சிங்கப்பூரையே உலுக்கிய ஒரு வழக்கு இதை வேறு கோணத்தில் காட்டுகிறது. சில கணவர்கள் தங்கள் மனைவியருக்கே மயக்க மருந்து கொடுத்து, இணையத்தில் பழகிய மற்ற ஆடவர்கள் அவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ய ஏற்பாடு செய்தார்கள். குற்றங்கள் நடந்தது 2010க்கும் 2018க்கும் இடையில். வெளிச்சத்துக்கு வந்ததோ 2020இல். மனைவி ஒருவர் கணவரின் கைபேசியில் தன் படங்களைப் பார்த்தபோதுதான். ஆடவர் ஒருவருக்கு 29 ஆண்டுச் சிறையும் 24 பிரம்படியும் விதிக்கப்பட்டன.

பிரான்ஸில் டொமினிக் பெலிக்கோ வழக்கும் அதே மாதிரிதான். தன் மனைவிக்குப் பல ஆண்டுகளாக மயக்க மருந்து கொடுத்த அவருக்கு 2024 டிசம்பரில் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அங்கும் அவரே எடுத்து வைத்திருந்த காணொளிகள் முக்கிய ஆதாரமாயின.

இரண்டு வழக்கிலும் குற்றவாளிகளே ஆதாரத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். கிளப்பில் ஒரு ஜக்கில் எதையோ போட்டுவிட்டுப் போகிறவர் அப்படி எதையும் விட்டுச் செல்ல மாட்டார். இன்னொன்றையும் கவனியுங்கள். மயக்க மருந்து கொடுத்தவர் முகம் தெரியாத அந்நியர் இல்லை, கூடவே வாழ்ந்தவர். 'தெரியாத ஆளிடம் பானம் வாங்காதே' என்ற அறிவுரை மட்டும் போதாது.

புகார் செய்ய ஏன் பயம்?

வெட்கம் ஒரு காரணம். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் வெளிப்படையாகப் பேசாத காரணம்.

போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 22ஆவது பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் நடத்தப்படும் இரண்டு சிறுநீர்ப் பரிசோதனைகளிலும் போதைப்பொருள் இருப்பது தெரியவந்தால், அந்த நபர் அதை உட்கொண்டார் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே போதைப்பொருள் எதிர்ப்புப் பாடம் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, 'என் சிறுநீரைப் பரிசோதியுங்கள்' என்று தானே போய்ச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதோடு மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்குப் போதையில் பொது இடத்தில் இருப்பதும் குற்றம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, பானத்தில் எதையோ கலந்து ஏமாற்றப்பட்டவரும் அளவு மீறிக் குடித்தவரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

இந்தச் சட்டங்கள் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்க எழுதப்பட்டவை இல்லை. சட்டம் முதலில் எடுத்துக்கொள்வதை மறுத்து நிரூபிக்க வழி உண்டு. உடனே செய்த புகாரும், அந்த இரவே எடுத்த மருத்துவப் பதிவும் பாதிக்கப்பட்டவரின் பக்கம் பேசும். தாமதமாகப் போனால்தான் அந்தப் பேச்சு வலுவிழக்கும்.

ஆனா, பயத்துக்குத் தர்க்கம் தெரியாது. 'எனக்குத் தெரியாமல் கலந்துவிட்டார்கள்' என்று உடனடியாக முன்வருபவர் சாட்சியாகவும் பாதிக்கப்பட்டவராகவும்தான் நடத்தப்படுவார் என்று தெளிவாக, எல்லா கிளப் கழிவறைக் கதவிலும் ஒட்டும் அளவுக்கு எளிய மொழியில் சொல்லப்பட வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள், அளவு மீறிய போதையில் விழுந்தவருக்காக உதவி கேட்டு அழைப்பவருக்குச் சில வழக்குகளிலிருந்து பாதுகாப்பு தருகின்றன. பயந்து அழைக்காமல் இருப்பதால் உயிர் போகிறது என்பதை அவை புரிந்துகொண்டதன் விளைவு அது.

மற்ற நாடுகள் என்ன செய்து பார்த்தன?

2021 இலையுதிர்காலத்தில் பிரிட்டிஷ் பல்கலைக்கழக நகரங்களில் ஒரு பீதி பரவியது. பானத்தில் மட்டுமின்றி ஊசி மூலமும் போதைப்பொருள் செலுத்தப்படுவதாக மாணவிகள் புகார் சொன்னார்கள். கிளப்புகளைப் புறக்கணித்து ஓர் இரவு வீட்டிலேயே இருக்கும் போராட்டமும் நடந்தது.

கிளப்புக்குள் நுழையும் ஒவ்வொருவரையும் சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற இணைய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கவில்லை.

அதில் நியாயம் உண்டா? ஓரளவு உண்டு. பெரிய கத்தியைக் கண்டுபிடிக்கும் வாசல் சோதனை, கட்டைவிரல் அளவுள்ள ஒரு புட்டியைக் கண்டுபிடிக்காது. உள்ளேயே விற்கும் வோட்காவைக் கூடுதலாக ஊற்றுபவரை எந்த வாசல் சோதனையும் தடுக்காது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 மே மாதத்திலிருந்து 2023 ஏப்ரல் வரை காவல்துறைக்கு வந்த ஸ்பைக்கிங் புகார்கள் 6,732. அவற்றில் 957 ஊசி தொடர்பானவை. பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களின் சராசரி வயது 26. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பெண்கள். அப்படியானால் கால்வாசிப் புகார்கள் மற்றவர்களிடமிருந்து வந்தவை. 'பசங்களுக்கு இதெல்லாம் நடக்காது' என்று நினைக்கும் அண்ணன் தம்பிகளும் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

ஸ்பைக்கிங்கைத் தனிக் குற்றமாக்கும் மசோதா 2025 பிப்ரவரியில் அங்கு தாக்கல் செய்யப்பட்டது. தண்டனை 10 ஆண்டு வரை, அதாவது நம் 328ஆவது பிரிவு சொல்லும் அதே அளவு. அதைவிடச் சுவையான செய்தி வேறொன்று. 2024 நவம்பரில் 10,000 மதுக்கூட ஊழியர்கள் வரை பயிற்சி தரும் திட்டத்தைப் பிரிட்டன் அறிவித்தது. எப்படி அடையாளம் காண்பது, எப்படி ஆதாரத்தைக் காப்பது, எப்படி உதவுவது என்பதே பாடம்.

பயிற்சி ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு அனுபவமும் அங்கேயே இருக்கிறது. ஆபத்தில் இருப்பவர் மதுக்கூட ஊழியரிடம் 'ஏஞ்சலா இருக்காங்களா?' என்று கேட்டால், அது உதவி கேட்கும் ரகசியக் குறிப்பு என்று ஊழியர் புரிந்துகொள்ள வேண்டும். 2016இல் லிங்கன்ஷயரில் தொடங்கிய திட்டம் இது. சுவரொட்டி எல்லா இடத்திலும் ஒட்டப்பட்டது. 2024இல் பிபிசி லண்டனில் 25 இடங்களுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தபோது, 13 இடங்களில் ஊழியர்கள் அந்தக் குறிப்பைப் புரிந்து உதவவில்லை.

சுவரொட்டி ஒட்டுவது சுலபம். அந்த இரவு வேலைக்கு வந்த பகுதிநேர ஊழியருக்கு அது தெரியுமா என்பதுதான் சோதனை.

பரிசோதனைப் பட்டையும் மூடியும் உதவுமா?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா வேறு வழியில் போனது. 2024 ஜூலை 1 முதல், அங்குள்ள ஏறக்குறைய 2,400 மதுக்கூடங்களும் கிளப்புகளும் பானத்தைச் சோதிக்கும் பட்டைகளைக் கொடுக்கவோ நியாயமான விலைக்கு விற்கவோ வேண்டும். அவை கிடைக்கும் என்ற அறிவிப்புப் பலகையும் வைக்க வேண்டும். 2025 ஜூலை முதல், வாடிக்கையாளர் கேட்டால் கிளாஸுக்கு மூடியும் தர வேண்டும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, ஒரு பட்டை சில குறிப்பிட்ட மருந்துகளைத்தான் காட்டும். பட்டியலில் இல்லாத மருந்தையும் கூடுதலாக ஊற்றிய மதுவையும் அது காட்டாது. 'பட்டையில ஒண்ணும் தெரியல, குடி' என்ற தவறான தைரியத்தைத் தந்துவிடும் ஆபத்தும் உண்டு.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பானத்தில் ஏதோ கலக்கப்பட்டதாகச் சந்தேகித்து மருத்துவமனைக்கு வந்த 101 பேரை ஆராய்ந்து 2009இல் ஓர் ஆய்வு வெளியானது. கள்ளத்தனமாக மயக்க மருந்து கலக்கப்பட்டது என்று யாருடைய பரிசோதனையிலும் உறுதியாகவில்லை.

இதைக் காட்டி 'எல்லாம் கற்பனை' என்று சொல்பவர்கள் உண்டு. அந்த முடிவு அவசரமானது. கூடுதல் மதுவே கலக்கப்பட்டிருந்தால், பரிசோதனை அதைத் தனியாகப் பிரித்துக் காட்டாது. இரத்தத்தில் மது இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். இந்த ஆய்வு நமக்குத் தரும் பாடம் வேறு. ஏதோ ஒரு மர்ம மருந்தை மட்டும் தேடினால், கண்ணெதிரே பாட்டிலில் இருப்பதைத் தவறவிடுவோம்.

இன்னொன்று. 'கிளாஸைக் கையிலேயே வைத்திரு' என்ற அறிவுரை, ஆளுக்கொரு கிளாஸோடு நிற்கும் மதுக்கூடத்தை நினைத்து எழுதப்பட்டது. நம்மவர்கள் கிளப்புக்குப் போகும் விதம் அப்படியா? மேசைக்கு ஒரு பாட்டில், ஒரு ஜக், ஒரு பீர் டவர். பத்துப் பேர் பகிர்ந்துகொள்கிறோம். மிச்சமிருக்கும் பாட்டிலில் பெயர் எழுதி அடுத்த வாரத்துக்கு விடுதியிலேயே வைத்துவிட்டும் வருகிறோம். கிளாஸுக்கு மூடி போட்டாலும் ஜக்குக்கு யார் காவல்?

அப்ப சிங்கப்பூர்ல என்ன செய்யலாம்?

புதிய சட்டம் எழுதி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. மது விற்கும் ஒவ்வொரு விடுதிக்கும் உரிமம் தேவை. இசை, நடனம் என்றால் பொதுக் கேளிக்கை உரிமமும் வேண்டும். உரிமம் தரும் அதிகாரி அதோடு நிபந்தனைகளையும் விதிக்கலாம். கருவி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அந்த நிபந்தனைகள், ஆதாரம் உயிரோடு இருக்கும் அந்த முதல் சில மணி நேரத்தைக் குறிவைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக:

• பயிற்சி பெற்ற ஒருவர்: விடுதி திறந்திருக்கும் ஒவ்வோர் இரவும், ஸ்பைக்கிங் அறிகுறிகளையும் முதலுதவியையும் கற்ற ஒருவராவது பணியில் இருக்க வேண்டும். அவர் யார் என்பது எல்லா ஊழியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

• வாசலுக்கு வெளியே தள்ளாதே: நிற்க முடியாதவரை நடைபாதையில் விட்டுக் கதவை மூடக் கூடாது. அவரை அறிந்த ஒருவரிடமோ மருத்துவ உதவியாளரிடமோ ஒப்படைக்கும் வரை விடுதியின் பொறுப்பு.

• கிளாஸையும் பதிவையும் காப்பாற்று: சந்தேகம் எழுந்தவுடன் அந்தக் கிளாஸையோ ஜக்கையோ கழுவாமல் தனியே எடுத்து வைப்பது, அந்த இரவின் கேமராப் பதிவை அழியாமல் சேமிப்பது.

• பதிவேடு: யார், எப்போது, என்ன சொன்னார், ஊழியர் என்ன செய்தார் என்று எழுதி வைப்பது. காவல்துறை கேட்டால் காட்ட வேண்டும். ஒரே விடுதியில் மூன்று இரவு இதே மாதிரி நடந்தால், அந்த ஏடுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

• தண்ணீரும் மூடியும்: குடிநீர் இலவசம். கேட்டால் கிளாஸுக்கும் ஜக்குக்கும் மூடி.

விடுதி உரிமையாளர்கள் பக்கமும் கேட்க வேண்டும். கொவிட் காலத்தில் இழுத்து மூடிய கிளப்புகள் 2022 ஏப்ரல் 19ஆம் தேதிதான் முழுமையாகத் திரும்பத் திறந்தன. வாடகை, ஆள்பற்றாக்குறை என்று சுமை ஏற்கெனவே அதிகம். பகுதிநேர ஊழியர்கள் மாதத்துக்கு மாதம் மாறுவார்கள். எத்தனை பேருக்குத்தான் பயிற்சி தருவது என்று கேட்கலாம். அது நியாயமான கேள்வி.

மேலே உள்ள பட்டியலில் பெரிய செலவு எது என்று பாருங்கள். பயிற்சி மட்டும்தான். அதையும் அரசாங்கம், பிரிட்டன் செய்ததுபோல, ஏற்று நடத்தலாம். ஒரு ஜக்கைக் கழுவாமல் எடுத்து வைக்கச் செலவே இல்லை. அதைச் செய்ய வேண்டும் என்று ஊழியருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லா விடுதிக்கும் ஒரே விதி என்றால், ஒழுங்காக நடத்துபவர் மட்டும் செலவு செய்து, அலட்சியமாக இருப்பவர் லாபம் பார்க்கும் நிலையும் வராது.

சிங்கப்பூரில் விதி மாற நேரம் ஆகாது. 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தனியார் பேருந்து ஒன்று மோதி இந்திய ஊழியர் ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. விசாரணைக் குழு அமைந்தது. 2015 ஏப்ரல் 1ஆம் தேதி மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. லிட்டில் இந்தியா கட்டுப்பாட்டு வட்டாரமானது. அங்கு செய்யும் குற்றத்துக்குத் தண்டனையும் மற்ற இடங்களைவிட ஒன்றரை மடங்கு. அண்மையில் மின்சிகரெட்டில் மயக்க மருந்தான எட்டோமிடேட் பரவியபோது, 2025 செப்டம்பர் 1ஆம் தேதியே அது சி பிரிவுப் போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டுவிட்டது.

இரண்டுமே எல்லார் கண்ணிலும் பட்ட பிரச்சினைகள். ஒன்றில் வண்டிகள் எரிந்தன. இன்னொன்றில் இளையர்கள் தள்ளாடும் காணொளிகள் கைக்குக் கை பரவின. பானத்தில் கலப்பது அப்படிக் கண்ணில் படாது. பாதிக்கப்பட்டவருக்கே பாதி ஞாபகமில்லை. அதனால்தான் புகார் குறைவு என்பதைப் பிரச்சினை குறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்றிரவே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

விதி மாறும்போது மாறட்டும். இந்த வார இறுதியில் வெளியே போகிறீர்களா? இதை நண்பர்களோடு பகிருங்கள்.

குடித்த அளவுக்குப் பொருந்தாத போதை, திடீர்க் குழப்பம், நாக்குக் குழறல், வாந்தி, கைகால் தளர்ச்சி, நினைவு விட்டுப்போவது. இவற்றில் எது தெரிந்தாலும்:

• தனியாக விடாதீர்கள். கிராப் பிடித்துத் தனியே அனுப்பாதீர்கள். "வீட்டுக்குப் போய்த் தூங்கினா சரியாயிடும்" என்று விடுவதுதான் மிக ஆபத்தானது. மூச்சு மெதுவானாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 995. வாந்தி வந்தால் மூச்சு அடைக்காதபடி பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.

• ஊழியரிடம் சொல்லுங்கள். "இந்த கிளாஸைக் கழுவாதீங்க, எடுத்து வையுங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

• மருத்துவமனைக்கு அந்த இரவே போங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனை லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். டான் டொக் செங் மருத்துவமனையும் பக்கம். பானத்தில் ஏதோ கலக்கப்பட்டதாகச் சந்தேகம் என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அது பதிவாகும்.

• பாலியல் ரீதியில் ஏதேனும் நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், குளிப்பதற்கும் உடை மாற்றுவதற்கும் முன்பே உதவி தேடுங்கள். குளித்துவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, போங்கள்.

• காவல்துறைக்கு 999. பேச முடியாத சூழலில் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி. வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கான தேசிய உதவித் தொலைபேசி எண் 1800-777-0000. 24 மணி நேரமும் இயங்கும்.

கடைசியாக ஒன்று. மறுநாள் காலையில் உங்கள் தோழியோ தோழனோ அழைத்து, "நேத்து என்னமோ சரியில்ல, எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல" என்று சொன்னால், "எவ்வளவு குடிச்ச?" என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டாம். "எங்க இருக்க? நான் வரேன், மருத்துவமனைக்குப் போகலாம்" என்று சொல்லுங்கள். 12 மணி நேரம் இன்னும் முடியாமல் இருக்கலாம்.